பட்டியலில் விட்டுப்போன துவர்த்து

காணாமல் போகிற ஆண்கள் எல்லாரும் கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருப்பார்கள். பெண்கள் எல்லாரும் பூப்போட்ட சேலை. காவல் நிலையத்தில் எழுத்து வேலைக்கு வந்த புதிதில் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது எனக்குக் கிடைத்த முதல் ஞானம் இது. எழுதியவர்களுக்குத் துணியைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அந்த அடையாளத்தை நம்பி அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேரை ஜீப்பில் ஏற்ற வேண்டியிருக்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. என் அம்மா வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தவள். ஜாக்கெட் என்ற வார்த்தை கடைசிவரை அவள் வாயில் வரவில்லை. பட்டன் இல்லை, பித்தான். பித்தான் நுழைகிற ஓட்டை காஜா. கை வந்து உடம்போடு சேர்கிற வளைவு முண்டா. துணியில் மல்லு வேறு, வாயில் வேறு, பாப்ளின் வேறு. உள்பாவாடைக்கு லாங்கிளாத், தலையணைக்குக் காடா, சின்னப்பிள்ளைக்குச் சீட்டி. மாற்றிச் சொன்னால் கையில் இருக்கும் அளவுகோலால் மொட்டென்று ஒன்று விழும். கடையிலிருந்து வந்த துணி தண்ணீரைத் தொடும்வரை கோடி. ஒருதரம் நனைத்துவிட்டால் அதற்கப்புறம் அது வெறும் துணி. நான் தையல் கற்றுக்கொள்ளவே இல்லை. வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போலீஸ் வேலைக்கு வந்துவிட்டேன்.

'இளம் பச்சை பாப்ளின் அரைக்கைச் சட்டை, இடப்பக்கம் ஒரு பை, கழுத்துப்பட்டி உள்பக்கம் நைந்தது' என்று நான் எழுதினால் இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசிப்பார்.

"என்ன ஏட்டம்மா, ஆளைத் தேடுதீகளா, இல்ல மாப்பிள்ளைக்குத் துணி எடுக்குதீகளா?"

கேலிதான். ஆனால் அந்த நைந்த கழுத்துப்பட்டியை வைத்துத் தென்காசி ரயிலடியில் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு கேலி குறைந்தது. துணி சமாச்சாரம் என்றால் அந்த அம்மாவிடம் போங்கள் என்று பக்கத்து நிலையங்களிலிருந்துகூடப் போன் வரும். எனக்குக் கழுத்து ஒரு அங்குலம் நீண்டுவிட்டது. அந்தக் கழுத்து எங்கே குனிந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். யாரும் மெமோ கொடுக்க முடியாது.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கூட, புருஷனின் அண்ணன். புருஷன் முந்தின நாள் காலையில் மில்லுக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறான். மில்லுக்குப் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிற வேலை. செல்போன் வீட்டிலேயே சார்ஜரில் கிடந்தது. பிள்ளைகள் இல்லை. சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டேன். "ஒண்ணும் கிடையாது, நல்லாத்தான் இருந்தாக" என்று அண்ணன்காரர் முந்திக்கொண்டு சொன்னார். அவள் குனிந்து முந்தானை ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தாள்.

'அணிந்திருந்த உடை' என்ற இடத்துக்கு வந்ததும் அவளைப் பார்த்துக் கேட்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சந்தனக் கலர் பாப்ளின் சட்டை. அரைக்கை. மேலேருந்து மூணாவது பித்தான் மட்டும் நாலு கண்ணு, மத்ததெல்லாம் ரெண்டு கண்ணு. அது விழுந்துபோச்சுன்னு நான்தான் வேற வச்சேன். நீலக் கட்டம் சாரம். மூட்டினது, நானே மூட்டினது. கை வச்ச பனியன். தோள்ல துவர்த்து. ஈரிழை. ஒரு முனையில செவப்பு நூலு வச்சு ஓரம் அடிச்சிருக்கும். அன்னைக்கு வெள்ள நூலு தீந்துபோச்சு."

எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஒரு பெண் புருஷனைக் காணோம் என்று உட்கார்ந்திருக்கும்போது இப்படிச் சந்தோஷப்படுவது முறையில்லை என்று தெரியும். என்ன செய்ய, இத்தனை வருஷத்தில் என் பாஷை பேசுகிற ஆள் ஒன்று வந்திருக்கிறது. அவள் விரலைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி பூராவும் ஊசிப் புள்ளி. தையல் கடைகளிலிருந்து துணி வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து காஜா எடுப்பதும் ஓரம் அடிப்பதும் அவள் தொழில் என்றாள்.

சட்டையை எழுதினேன். நாலு கண் பித்தானை எழுதினேன். சாரம் என்பதைக் கைலி என்று மாற்றி, மூட்டியது என்று அடைப்புக்குறி போட்டேன். பனியனையும் எழுதினேன். துவர்த்தை விட்டுவிட்டேன்.

மறந்து விடவில்லை. எழுதத் தேவையில்லை என்றுதான் விட்டேன். எங்கள் பக்கத்தில் துவர்த்து என்பது குளித்தால் துவட்டுகிற துண்டு. அது இல்லாமல் ஆம்பிளை தெருவில் இறங்குவதில்லை. தோளில் கிடக்கும், வெயிலுக்குத் தலைக்கு ஏறும், பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக உள்ளே பறந்துபோய் இடம் பிடிக்கும். அதை யாராவது உடை என்று எழுதுவார்களா? செருப்பை எழுதியிருக்கிறேன், பல்செட்டை எழுதியிருக்கிறேன். துண்டை அதுவரை எழுதியதில்லை. என் அம்மாவின் வார்த்தைகளில்கூடத் துவர்த்துக்கு இடமில்லை. வெட்டும் தையலும் இல்லாத துணியை அவள் மதித்ததே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு கண்டக்டர், அந்த மாதிரி ஆள் ஒருத்தர் பாபநாசத்தில் இறங்கினார் என்று சொன்னார். போனோம்.

பாபநாசத்துப் படித்துறையை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோஷம், பரிகாரம் என்று வருகிறவர்கள் உடுத்திய துணியோடு ஆற்றில் முழுகுவார்கள். முழுகியதும் அந்தத் துணியை அங்கேயே விட்டுவிட்டுக் கரையேறி, கொண்டுவந்த கோடியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பீடை துணியோடு போய்விடும் என்று ஒரு கணக்கு. பீடை எங்கே போகிறதோ, துணி எங்கும் போவதில்லை. பாறை இடுக்கில், மரத்து வேரில், பாலத்துத் தூணில் சுற்றிக்கொண்டு கிடக்கும். வேண்டாம் என்று போர்டு வைத்தால் போர்டிலேயே ஒரு வேட்டியைச் சுற்றிவிட்டுப் போகிற ஜனங்கள். அதை அள்ளிப் போடவென்றே சில பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

அந்தப் பெண்கள் வாரிப் போட்டிருந்த குவியலை நீளக் கம்பால் கிண்டினோம். கூட வந்த கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல எங்க போய்த் தேட?" என்றான். எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சந்தனக் கலர் ஒன்று தெரிந்தது, இழுத்தேன். சட்டை, பனியன், சாரம் மூன்றும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடந்தன. மேலேயிருந்து எண்ணினேன். மூன்றாவது பித்தானில் நாலு கண். சாரத்தைப் பிரித்தேன். மூட்டியது, ஒரே சீரான தையல். பட்டியலோடு இம்மி பிசகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இடத்தில், அந்த நாற்றத்தில், நான் பெருமைப்பட்டேன் என்பதை மறைத்து எழுத முடியாது.

பரிகாரத்துக்கு வந்து துணியை விட்டிருப்பானோ என்ற பேச்சு எழாமல் இல்லை. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. பரிகாரம் செய்கிறவன் வீட்டில் சொல்லிக்கொண்டு வருவான், பெண்டாட்டியோடு வருவான், முடித்துவிட்டு வீட்டுக்குப் போவான். இவன் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் வேறு புரண்டு போயிருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். நான் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு சொன்னேன். துணியை அடையாளம் கண்டவள் நான் அல்லவா.

காயவைத்த துணிகளை நிலையத்து மேஜையில் பேப்பர் விரித்து வைத்து அவளைக் கூப்பிட்டோம். அவள் அழவில்லை. பித்தானைத் தொட்டுப் பார்த்தாள். சாரத்தின் மூட்டுத் தையலை விரலால் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"துவர்த்து எங்க?"

"ஆத்தோட போயிருக்கும்மா" என்றேன்.

"சட்டையும் சாரமும் பனியனும் முடிச்சுப் போட்டு இங்கன கெடக்கு. துவர்த்து மட்டும் ஆத்தோட போயிட்டா? சாகப் போறவுகளுக்குத் தல தொவட்டணும்னு தோணுமா, ஏட்டம்மா?"

"ஏட்டி, பேசாம இரி" என்று அவளை அடக்கினார் அண்ணன்காரர். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான்.

நான் பட்டியலைப் பார்த்தேன். பட்டியலில் துவர்த்து இல்லை. "இதுல அது எழுதலையே" என்றேன், அவள் சொல்லாததுபோல.

"நான் சொன்னேன்."

ஆமாம், சொன்னாள். நான் பேப்பரை மடித்து உள்ளே வைத்தேன்.

உடம்பு கிடைக்காமல் ஒருவன் செத்தான் என்று ஒப்புக்கொள்ளச் சட்டத்துக்கு ஏழு வருஷம் வேண்டும். சொந்தபந்தத்துக்கு ஏழு வாரம் தாங்கவில்லை. ஆத்மா அலையும், வீட்டில் விளக்கேற்ற முடியாது, அடுத்த வீட்டுக் கல்யாணம் நிற்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்லி, தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிட நாள் குறித்துவிட்டார்கள். அன்றைக்கே அவள் தாலியைக் கழற்ற வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கோடி கொண்டுவந்து போட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே வந்து சொன்னாள். இந்தத் தடவை தனியாக வந்தாள்.

பையிலிருந்து ஒரு துவர்த்தை எடுத்து என் மேஜையில் விரித்தாள். ஈரிழை, வெள்ளை, ஓரத்தில் மெல்லிய நீலக் கரை. ஒரு முனையில் சிவப்பு நூல்.

"இது அதுக்கு ஜோடி. ரெண்டும் ஒரே துணியா ஒட்டி வந்தது. நடுவுல வெட்டி நான்தான் ஓரம் அடிச்சேன். இதப் பாத்து எழுதுங்க. நாளக்கழிச்சு எங்கழுத்துல கை வைக்கப் போறாக. எங்கண்ணன் கோடி எடுத்து வச்சுட்டாக. சாம்பக் கலர் நூல் சேல. நான் பாத்தேன்."

"எழுதினா என்னம்மா ஆகும்?"

"எழுதாமதான் இவ்வளவும் ஆயிருக்கு."

அவள் குரலை உயர்த்தவில்லை. அப்படி உயர்த்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும். கூடுதல் வாக்குமூலம் என்று தலைப்புப் போட்டு எழுதினேன். துவர்த்து, ஈரிழை, நீலக் கரை, ஒரு முனை சிவப்பு நூல். சம்பவ இடத்தில் அது கிடைக்கவில்லை. முதல் விசாரணையின்போதே மனுதாரர் சொல்லியும் எழுத்தரால் பதிவு செய்யப்படவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது. மற்றவர்கள் எழுத்தில் எத்தனை குற்றம் கண்டிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வாசித்தார்.

"ஒரு துண்ட வச்சு ஆள் உசுரோட இருக்காம்னு சொல்லுதீகளா?"

"நான் அப்படிச் சொல்லலைய்யா. துண்டு இல்லைன்னு மட்டும் சொல்லுதேன்."

கையெழுத்துப் போட்டார். புருஷனின் அண்ணனுக்கு அவரே போன் செய்து, தேடுதல் இன்னும் முடியவில்லை, காரியத்தைத் தள்ளிப் போடுங்கள் என்றார். மறுநாள் அந்த மனிதர் நிலையத்து வாசலில் நின்று என்னைப் பார்த்து, "பைய ஆறிக்கிட்டு இருந்தத நோண்டி விட்டுட்டீகளே" என்றார். ஊரில் வேறு மாதிரிப் பேச்சு. பூவும் பொட்டும் போகக் கூடாதென்று துண்டைப் பிடித்துத் தொங்குகிறாள் என்றார்களாம். அவள் அண்ணனோ, வாங்கி வைத்திருந்த சேலையை அவளிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எடுத்த கோடியைத் தன் வீட்டில் வைத்திருக்க அவருக்குப் பயம்.

பங்குனியில் தகவல் வந்தது. மில் லாரி ஓட்டுகிறவர் உடன்குடிப் பக்கம் லோடு எடுக்கப் போன இடத்தில், கருப்பட்டி மண்டி ஒன்றில் அவனைப் பார்த்திருக்கிறார். அவன் இவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டானாம். நானும் ஒரு கான்ஸ்டபிளும் அவளுமாக ஜீப்பில் போனோம். வழியெல்லாம் அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். உயிரோடு இருந்தால் போதும் என்று இவள் நினைக்கிறாள் என்று நான் நினைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பும் எனக்குள் இருந்தது.

மண்டியில் அவன் குத்தவைத்து உட்கார்ந்து ஓலைப்பெட்டியில் கருப்பட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். புதுச் சாரம், பச்சைக் கட்டம். வெறும் மேல். தலையில் கட்டியிருந்த துவர்த்து வியர்வையில் ஊறி, நிறம் மங்கி, முனை காதோரம் தொங்கியது. முகம் எங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் அந்த முனையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அவுகதான்" என்றாள்.

அவன் ஓடவில்லை. எழுந்து நின்றான். வேறு பெண் யாரும் இல்லை, கடன் இல்லை, வியாதி இல்லை. மண்டிக்காரரிடம் தனியாக விசாரித்தோம். ஒழுங்காக வேலை பார்க்கிறான், பின்கட்டில் படுத்துக்கொள்கிறான் என்றார். ஏன் வந்தாய் என்று நான் அதட்டிக் கேட்டதற்கு அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"ஒண்ணும் இல்ல மேடம். பாபநாசத்துல போய் முழுகினேன். எல்லாரும் பழச விட்டுட்டுப் போறாகளே, நாமளும் விட்டுட்டுப் போய் வேற ஆளா இருந்து பாப்போம்னு தோணிச்சு. ஒரு சாரம் வாங்கிக் கட்டினேன், பஸ் ஏறிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் தெரியவில்லை. மில்லில் மூட்டை எடை சொல்வது மாதிரிச் சொன்னான். நாலு அறை விடலாம்போல எனக்குக் கை பரபரத்தது.

அவள் பக்கத்தில் போனாள். "துவர்த்த மட்டும் ஏன் கொண்டாந்திய?" என்று கேட்டாள். அவ்வளவு நேரமும் அவள் கேட்டது அது ஒன்றுதான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்த விதத்தில், ஏழு வாரமும் அதற்கப்புறம் வந்த மாதங்களும் அவள் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தான் ஓரம் அடித்தது என்பதால் எடுத்துப் போயிருக்கிறான் என்று நம்பியிருக்கிறாள்.

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். "தல தொவட்ட வேண்டாமா?" என்றான்.

அவள் கையை நீட்டினாள். அவன் தலைக்கட்டை அவிழ்த்துக் கொடுத்தான். அவள் அதை உதறி, நாலாக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்து உட்கார்ந்தாள். வளர்ந்த ஆளை வீட்டுக்கு வா என்று சட்டம் இழுத்துக்கொண்டு வராது. காணாமல் போகவில்லை, விருப்பப்பட்டு இருக்கிறேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டோம். என்ன உடையில் இருந்தான் என்பதை நான் வாசலில் நின்றே சிட்டையில் குறித்துக்கொண்டேன். பழக்கம்.

திரும்பி வருகையில் திருச்செந்தூர் ரோட்டில் ஏறியதும் அவள் பேசினாள். "அன்னைக்கே தாலியக் கழத்தியிருந்தாகன்னா ஊரே கூடி அழுதிருக்கும். எங்கண்ணன் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பாக. இப்ப எனக்குன்னு யாரு அழுவா, ஏட்டம்மா?"

அவள் சொன்னதைச் சொன்னபடி முதலிலேயே எழுதியிருந்தால் ஊர் அவளைத் துண்டுக்காரி என்று பேசியிருக்காது. எழுதாமலே விட்டிருந்தால் அவளுக்காகக் கூடி அழ நாலு பேராவது இருந்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் அவளை நிறுத்தியது நான். எனக்கு வெட்கமாக இருந்தது. கான்ஸ்டபிள் இருக்கிறான் என்றும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாளா தெரியாது.

மறுநாள் புகாரை முடித்துக் கையெழுத்துப் போட வந்தாள். சாம்பல் நிற நூல் சேலை கட்டியிருந்தாள். நனைக்காத கோடி, கஞ்சி விறைப்பு போகாமல் கொசுவம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் கழுத்தைப் பார்த்தேன். தாலி இல்லை. யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை. அவளே கழற்றி வைத்திருக்கிறாள்.

"எடுத்த சேல, சும்மா கெடக்கேன்னு கட்டினேன்" என்றாள், நான் கேட்காமலே.

கடைசிப் படிவத்தில் 'கண்டுபிடிக்கப்பட்டபோது அணிந்திருந்த உடை' என்று ஒரு இடம் உண்டு. இந்தத் தடவை முதல் வேலையாகத் துவர்த்தை எழுதியிருந்தேன். ஈரிழை, நீலக் கரை, ஒரு முனை சிவப்பு நூல். பிறகுதான் சாரம். கைலி என்று மாற்றாமல் சாரம் என்றே எழுதியிருந்தேன். அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் பையைத் திறந்து காட்டினாள். இரண்டு துவர்த்தும் துவைத்து மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே இருந்தன.

"அது இப்ப அவுக மேல இல்ல" என்றாள். "அடிச்சிருங்க."

நான் அந்த வரியை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.